சிகிச்சை முடிந்த பிறகு எங்கே போவது?

ஆசிரியருக்கு,

குடிநோய் சிகிச்சை பற்றிய தங்கள் கட்டுரை மருத்துவமனை வாசலோடு நின்றுவிட்டதில் எனக்கு வருத்தம். குடும்பங்களுக்கு உண்மையான சோதனை அந்த வாசலைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது.

என் அண்ணன் சிகிச்சை முடிந்து திரும்பியபோது மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் எங்கள் ஊரிலேயே நடப்பது அண்ணியின் உறவினர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. பள்ளி ஒன்றின் பின்பக்க அறை, பெயர்ப்பலகை கிடையாது. வாட்ச்மேனிடம் என்னவென்று கேட்பது எனக் கூசி, அண்ணன் முதல்முறை தெருமுனையிலேயே திரும்பிவிட்டார். அங்கே கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த முறை இது. அண்ணன் பிறகு போகத் தொடங்கியதும், நாங்கள் வருடக்கணக்கில் சொன்ன புத்திமதி ஏறாத அவர் காதில், குடித்து மீண்டவர்களின் பேச்சு ஏறியது. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டமும் உண்டு. அண்ணிக்கு அதுவே பெரிய துணை.

மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அருகிலுள்ள கூட்டத்தின் இடம், கிழமை, நேரம் எழுதித் தர வேண்டும். நோயாளி படுக்கையில் இருக்கும்போதே பழைய உறுப்பினர் ஒருவரை வரவழைத்து அறிமுகப்படுத்தினால் இன்னும் நல்லது. தாங்களும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில், கோயில் உற்சவத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் பக்கத்தில், இந்தக் கூட்டங்களுக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி