யார் தோலைப் பற்றிப் பேசுகிறோம்?

துவைத்த துணியில் பூச்சிமருந்து தங்காது, ஆகவே இயற்கைப் பருத்திச் சட்டைக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்கிறார்கள். முதல் பாதி ஏறக்குறைய சரிதான். நூலாகி, வெளுத்து, சாயமேறி வரும் துணியில் மருந்தின் மிச்சம் மிகக் குறைவு. ஆனால் கேள்வி உடுத்துபவரின் தோலோடு முடிந்துவிடுகிறதா? 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் சுமார் 20 பேர் நஞ்சேறி இறந்தார்கள். உயரமாய் வளர்ந்த செடிகளுக்கு நடுவே, சரியான முகமூடிகூட இல்லாமல், முதுகில் தெளிப்பானைச் சுமந்தவர்கள், பலர் கூலியாட்கள். அந்தச் சாவுகளைச் சட்டையின் விலைச்சீட்டில் எங்கே எழுதுவது?

காய்ப்புழுவைத் தானே எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி விதை வந்தால் மருந்துச் செலவு குறையும் என்று 2002இல் சொன்னார்கள். சில காலம் குறையவும் செய்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிக்கொண்டது. தெளிப்பான் மறுபடி முதுகேறியது.

ரசாயன மருந்தடிக்காத இயற்கை முறையில் விளைச்சல் குறையலாம், மறுக்கவில்லை. கூடுதல் விலை அதற்காகத்தான். அது விவசாயி கைக்குப் போய்ச் சேருகிறதா என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி. சாயத்தைப் பற்றியும் கேளுங்கள். நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு திருப்பூர்ச் சாயக்கழிவுக்கு. அதனால்தான் பஞ்சோடு சாயத்தையும் கழிவுநீரையும் சோதிக்கும் ஜிஓடிஎஸ் (GOTS) என்ற இயற்கைத் துணித் தரச்சான்று முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்கிறேன்.