சாயத்தைத் திட்டுறீங்க, உப்பை விட்டுடுறீங்க

நொய்யல் பத்தி யார் எழுதினாலும் ஒரே படம்தான். கலர் கலரா ஓடுற தண்ணி. கீழே "ஐயோ சாயம்!"னு நாலு வரி. எனக்கு இதுலதான் கடுப்பு. கண்ணுக்குத் தெரியறதால சாயம் மாட்டிக்குது. உப்பு தப்பிச்சிடுது.

சாய மூலக்கூறு தட்டையானது. தண்ணியில ஒண்ணு மேல ஒண்ணு அப்பளக்கட்டு மாதிரி அடுக்கப் பாக்கும். அதிலிருக்கும் எதிர்மின்னேற்றம்தான் ஒண்ணையொண்ணு தள்ளி வைக்குது. தண்ணியில நனைஞ்ச பருத்திக்கும் அதே எதிர்மின்னேற்றம். அதனால சாயம் நூலை நெருங்காது. உப்பு போட்டா சோடியம் நடுவுல வந்து அந்தத் தள்ளலைக் குறைக்குது, சாயம் நூலுக்குப் போகுது. ஆனா ஒரேயடியா கொட்டினா சாயமே திரண்டு கட்டியாகி, துணி திட்டுத்திட்டா வரும். அதனாலதான் பட்டறையில தவணை தவணையா போடுறாங்க. யூரியா இதுக்கு நேர் எதிர்: திரண்டதைப் பிரிச்சு விடும்.

இப்ப கணக்குக்கு வாங்க. அடர்ந்த கலருக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு, கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணின்னு வச்சுக்குங்க. 480 கிராம்! ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு. அதுல துணியில தங்குறது எவ்வளவு? ஒண்ணுமே இல்லை. அத்தனையும் கழிவுத் தண்ணியில.

அந்தக் கழிவுல சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டா சாயம் திரண்டு அடியில தங்கிடும். தண்ணி பளிச்! "சுத்திகரிச்சாச்சு"ன்னு கைதட்டுவோம். கரைஞ்ச உப்பு அப்படியே இருக்கும். அது கிணத்துலயும் வயல்லயும் ஏறும். பாசனத்துக்குக் கட்டின ஒரத்துப்பாளையம் அணையே சாயக்கழிவுத் தொட்டியாகி, விவசாயிங்க கோர்ட் ஏறினது சும்மாவா? 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்புறம்தான் ஆர்.ஓ.வும் ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறதும் கட்டாயம்னு உறைச்சுது.

"உப்பில்லாம சாயம் ஏறாதே"ம்பீங்க. சரி, குறைக்கலாமே? குறைஞ்ச உப்புல ஏறுற சாயங்கள் இருக்கு. பருத்திக்கே நேர்மின்னேற்றம் குடுக்குற முறையும் இருக்கு. செலவு கூடும், உண்மைதான். இப்ப அந்தச் செலவை விவசாயியோட கிணறு கட்டிக்கிட்டிருக்கு.

அடுத்த தடவை ஆத்தைப் படம் எடுக்கப் போறவங்க ஒரு டி.டி.எஸ். மீட்டரும் கொண்டு போங்க. தெளிஞ்ச தண்ணியில முக்கிப் பாருங்க. அப்புறம் பேசுவோம் :-)