புகையை விட முயல்வோனுக்குப் பொதுப் பணம் ஏன்?

"புகைப்பவன் தன் கையாலேயே தன் நெஞ்சைச் சுட்டுக் கொள்கிறான். அவனை மீட்க என் வரிப்பணம் எதற்கு?" என்று வினவுவோர் நம்மிடையே பலர் உளர். தொழுகையை முறையாகப் பேணுவோரின் நாவிலிருந்தே இவ்வினா அதிகம் பிறக்கிறது. ஆகவே மார்க்கச் சட்டத்தின் ஒளியிலேயே விடை காண்போம்.

ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் கடனாளியும் ஒருவர். பாவமான காரியத்திற்குக் கடன்பட்டவனுக்கு ஜகாத் கொடுக்கலாமா? ஷாபிஈ மத்ஹபின் சட்ட மேதைகள் இதனை ஆராய்ந்து, அவன் தவ்பாச் செய்து மீண்டுவிட்டால் கொடுக்கலாம் என்ற கருத்தையே வலுவானதாகக் கொண்டனர். ஏழையின் உரிமையான ஜகாத்துக்கே இதுதான் சட்டம் என்றால், அரசுக் கருவூலத்திற்கு மட்டும் நெஞ்சம் ஏன் இறுக வேண்டும்? புகைத்துக் கொண்டேயிருக்க எவரும் உதவி கேட்கவில்லை, விட்டுவிடவே கேட்கிறார்.

"உறுதி இருந்தால் தானே விட்டுவிடலாமே" என்பது அடுத்த வாதம். வாசக அன்பர்களே, மதுவை ஒரே நாளிலா இறைவன் தடுத்தான்? முதலில் அதன் கேடு நன்மையினும் பெரிது என உணர்த்தினான். பின்னர் போதையோடு தொழுகையை நெருங்காதீர் என்றான். அதன் பின்னரே முற்றாக விலக்கினான். நிக்கோட்டினும் மூளையைப் பிணிக்கும் பொருளே. துணையின்றி விட முயல்வோரில் ஓராண்டு நிலைத்து நிற்பவர் நூற்றுக்கு ஐவர் இருந்தாலே அதிகம். முதல் வாரத்தின் எரிச்சலும் உறக்கமின்மையும் பலரைப் பழைய வழிக்கே இழுத்துச் சென்று விடுகின்றன. ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றி பெறுவோர் பெருகுகின்றனர்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு, டில்லி வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனத்தில் இலவசத் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. 1800-11-2356 என்னும் அவ்வெண் 2018 செப்டம்பர் முதல் சிகரெட், பீடி உறைகளிலேயே அச்சாகிறது. அழைப்பவர் புகையை விடும் நாளைக் குறிக்க ஆலோசகர் துணை நிற்கிறார். பின்வரும் நாட்களில் மீண்டும் அழைத்து நலம் விசாரிக்கிறார். நிக்கோட்டின் மாற்று மருந்து 2022-இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனினும் 2016-17 கணக்கெடுப்பின்படி புகையிலை பயன்படுத்துவோர் ஏறத்தாழ 26 கோடியே 70 லட்சம் பேர்! இந்த ஏற்பாடு எம்மட்டு? சிகரெட் விலையில் கணிசமான பகுதி வரியாகக் கருவூலத்தையே சேர்கிறது. அதில் ஒரு சிறு பங்கையேனும் அதைச் செலுத்தியவனின் மீட்சிக்குத் திருப்பினால் எவர் குறை கூற இயலும்?

மேலப்பாளையத்துத் தாய்மார்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக் குடும்பம் காக்கிறார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. அவர்களுக்கு மாற்றுத் தொழில் தேடித் தருவதும் அரசின் கடனே. அது தனியே விரித்து எழுத வேண்டிய செய்தி.

ரமலானில் பகல் முழுதும் புகையைத் துறந்தவர், பேரீச்சம்பழம் வாயில் கரையுமுன் தீக்குச்சியைத் தேடும் காட்சியை எவரும் காணலாம். மனம் இளகியிருக்கும் அந்த மாதத்திற்கு முன்னரே, ஷஃபான் ஜும்ஆக்களில் ஜமாஅத் நிர்வாகிகள் அவ்வெண்ணை அறிவிக்கட்டும். அரசு மருத்துவமனை ஆலோசகரையும் அழைக்கட்டும். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை நோன்பை முறிக்காது என்பது இக்கால மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. மெல்லும் மருந்தை மட்டும் இஃப்தாருக்குப் பின்னர் வைத்துக் கொள்ளலாம்.