வாசலோரம் ஒரு பை ரெடியா இருக்கா?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சுத் திணறி, கட்டிய துணியோடு மக்கள் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளம் திருவள்ளூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதும் அதே மாதம்தான்.

வெள்ளத்துக்கு முன்னறிவிப்பு வரும்; வாயுக்கசிவு சொல்லிக்கொண்டு வராது. கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளைச் சுற்றி வசிப்பவர்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பையைத் தயாராக வைத்திருக்கலாம்.

* ஜிப் கவரில் ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் நகல்கள். மிக்ஜாம் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடையில்தான் வழங்கப்பட்டது.
* ஒரு வாரத்துக்கான பி.பி., சுகர் மாத்திரைகள், மருந்துச்சீட்டு.
* டார்ச், பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம்.
* தண்ணீர், பிஸ்கட், நாப்கின், குழந்தைக்கு மாற்றுத்துணி.
* ஆளுக்கொரு பருத்தித் துண்டு. அம்மோனியா தண்ணீரில் கரையும் என்பதால், நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடினால் பாதிப்பு ஓரளவு குறையும்.

வாயு கசிந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லுங்கள். பை கைக்கெட்டவில்லையா? தேடாதீர்கள், உடனே வெளியேறுங்கள். மாவட்ட அவசர உதவிக்கு 1077.