நிலத்தை விற்று ஊசி போடலாமா?

பக்கவாத நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி ஒன்று கேட்கின்றனர்: மூளையில் புதிய இரத்தக்குழாய்களை வளரச் செய்யும் ஊசி இருக்கிறதாமே, நிலத்தை விற்றாவது அதைப் போட்டுவிடலாமா? விற்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வியில் அறியாமை ஏதும் இல்லை. இரத்த ஓட்டம் குறைந்த திசு, புதிய குழாய்களை வேண்டி ஒரு புரதத்தைச் சுரக்கிறது. வி.இ.ஜி.எஃப். என்னும் பெயர் அதற்கு 1989இல் வந்தது. 1983இலேயே அதற்கு வேறொரு பெயர் இருந்தது: குழாய்களைக் கசியச் செய்யும் காரணி. இரண்டு பெயர்களும் பொருத்தமானவையே, சிக்கலும் அங்கேதான். சர்க்கரை நோயாளியின் விழித்திரையில் இப்புரதம் மிகும்போது, கசியும் குழாய்கள் முளைத்துப் பார்வையைக் கெடுக்கின்றன. அதற்காகக் கண்ணில் போடப்படும் ஊசிகளில் பல, இப்புரதத்தை அடக்குபவை. ஒருவர் கண்ணில் அடக்க வேண்டியதை இன்னொருவர் மூளையில் வளர்க்க முயல்கிறோம், எச்சரிக்கை வேண்டாமா?

2000இல் வெளியான ஆய்வொன்றில், பக்கவாதம் தாக்கிய ஒரு மணி நேரத்தில் எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது மூளையில் கசிவு கூடியது. இரண்டு நாள் கழித்துக் கொடுத்தபோதோ புதிய குழாய்கள் தோன்றி, எலிகள் தேறின. மனித மூளையில் அந்த வேளையையும் அளவையும் இன்னும் எவரும் வரையறுத்துவிடவில்லை.

வளர்ச்சிக் காரணிகளைத் தாமே சுரக்கும் என்னும் நம்பிக்கையில் ஸ்டெம் செல்களும் ஆராயப்பட்டன. நம் நாட்டின் ஐந்து மையங்களில் 120 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. பாதிப் பேருக்கு அவர்தம் எலும்பு மஜ்ஜைச் செல்களே செலுத்தப்பட்டன. தீங்கு நேரவில்லை, பெறாதவரைவிட அவர்கள் கூடுதலாகத் தேறவும் இல்லை. இதனை மறைக்காமல் வெளியிட்ட மருத்துவர்களை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்.

உடல் தானே குழாய் வளர்ப்பதைப் பயன்படுத்தும் சிகிச்சை ஒன்று உண்டு. மோயாமோயா என்னும் அரிய நோயில், உச்சந்தலைத் தமனியை மூளையின் மேற்பரப்பில் பொருத்திவைத்தால், சில மாதங்களில் அங்கிருந்து புதிய குழாய்கள் கிளைக்கின்றன. எல்லாப் பக்கவாதத்துக்கும் இது பொருந்தாது.

ஆராய்ச்சி வேண்டாம் என்பதன்று எங்கள் வாதம். ஆய்வு என்றால் அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 முதல் அது கட்டாயம். பக்கவாதத்துக்கான ஸ்டெம் செல் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது என்றும், அதற்கு நோயாளியிடம் கட்டணம் பெறலாகாது என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. இலட்சங்கள் கேட்பவர் எந்த நெறிமுறையில் நிற்கிறார்?

தோல் தொழிற்சாலைப் பணி முடிந்து மாலையில் தந்தையை இயன்முறைப் பயிற்சிக்கு அழைத்து வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வோம். எவரேனும் அத்தகைய ஊசிக்கான தாளை நீட்டினால், முன்பணம் கட்டுமுன் அதை எங்களிடம் கொண்டு வாருங்கள். பதிவு எண் உள்ளதா என்று உடன் அமர்ந்து பார்த்துச் சொல்கிறோம்.