சின்னம் மட்டும் போதுமா?

நம் நாட்டின் முதற் பொதுத்தேர்தல் 1951-52-இல் நடைபெற்றபோது வாக்காளர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். அவர்களுக்காகவே வாக்குப்பெட்டிகளின்மேல் சின்னங்கள் ஒட்டப்பட்டன. படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துத் தம் வாக்கைச் செலுத்தினர். படம் எல்லோருக்கும் புரியும் மொழி என்று நாம் நம்புவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால், உண்மையிலேயே எல்லோருக்கும் புரியுமா? இவ்வினாவை எனக்குக் கற்பித்தது பாடநூலன்று. எங்கள் துறை மன்றத்திற்காக நாங்களே அமைத்த இணையதளம்.

கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவர் நால்வர் சேர்ந்து அதை உருவாக்கினோம். பக்கத்தின் மேலே வழிகாட்டிப் பட்டை ஒன்று. அதில் எழுத்தே இருக்கக்கூடாது, அழகு கெட்டுவிடும் என்று வாதாடியவன் நான்தான். இடப்புறம் மன்றச் சின்னம். அதைச் சொடுக்கினால் முகப்புப் பக்கம் வரும். அடுத்து மணி, புத்தகம், ஒலிபெருக்கி, உறை என நான்கு படங்கள். ஒலிபெருக்கியைச் சொடுக்கினால் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் படிவம். பேராசிரியர்கள் பாராட்டினார்கள். நாங்களும் தலைநிமிர்ந்து நடந்தோம்.

போட்டி முடிந்த மறுவாரம் வரலாற்றுத் துறை நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். அவர் பார்வையற்றவர், மேடையேறினால் அரங்கையே கட்டிப்போடும் பேச்சாளர். "நீ ஏன் கலந்துகொள்ளவில்லை?" என்று கேட்டேன். "எங்கே பெயர் கொடுப்பது என்று உங்கள் பக்கத்தில் சொல்லவே இல்லையே, நண்பா!" என்றார்.

அவரைக் கணினிக்கூடத்திற்கு அழைத்துச் சென்றேன். அவர் பயன்படுத்துவது என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய இம்மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கித் தருகிறது. நண்பர் சுட்டெலியைத் தொடுவதில்லை. டேப் விசையை அழுத்தி ஓர் இணைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறார். எங்கள் மன்றச் சின்னத்திற்கு வந்ததும் அது ஏதோ ஒரு முகவரித் துண்டை உளறியது. ஒலிபெருக்கியையோ கண்டுகொள்ளாமலே தாண்டிச் சென்றது.

பிழை இரண்டு. முதலாவது, ஒலிபெருக்கிப் படத்தை 'ஏ' என்னும் இணைப்புக் குறிக்குள் வைக்காமல், சொடுக்கினால் பக்கம் மாறும்படி நிரல் மட்டும் எழுதியிருந்தோம். சுட்டெலிக்கு அது கதவு. விசைப்பலகைக்கு அது சுவர். இரண்டாவது, எந்தப் படத்திற்கும் 'ஆல்ட்' என்னும் மாற்றுச்சொல்லைக் கொடுக்கவில்லை.

மாற்றுச்சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. "ஒலிபெருக்கிப் படம்" என்று எழுதினால் பயனில்லை. "பேச்சுப் போட்டிக்குப் பெயர் பதிய" என்று எழுதவேண்டும். கதவின் நிறத்தையா கேட்கிறோம்? அது எந்த அறைக்குச் செல்கிறது என்றல்லவா கேட்கிறோம்! அதே இணைப்புக்குள் படத்தின் அருகிலேயே சொல்லும் இருக்குமானால் மாற்றுச்சொல்லை வெறுமையாக விட்டுவிடலாம். இல்லையேல் ஒன்றையே இருமுறை கேட்க நேரும்.

"ஒருவருக்காக இத்தனை பாடா?" என்று தோழர்கள் சிலர் கேட்டனர். ஒருவருக்காகவே என்றாலும் செய்யத்தக்கதே என்பது என் கருத்து. ஆயினும் பயன் ஒருவரோடு நிற்பதில்லை. சிற்றூரில் இணைய வேகம் குறைந்து படம் வராதபோது அந்த இடத்தில் தோன்றுவது மாற்றுச்சொல்தான். மணிப் படம் அறிவிப்பைக் குறிக்கிறதா, கால அட்டவணையைக் குறிக்கிறதா என்று முதலாமாண்டு மாணவர்கள் எங்களையே கேட்டார்கள். சின்னத்தைத் தொட்டால் முகப்புக்குத் திரும்பலாம் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. கண்ணிருந்தும் அவர்கள் தடுமாறியதற்கு என் அழகுணர்ச்சியன்றி வேறெது காரணம்?

இது புதிய கண்டுபிடிப்புமன்று. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி அமைப்பு 1999-இல் வெளியிட்ட அணுகல் நெறிகளில் முதல் நெறியே, காட்சிக்கும் ஒலிக்கும் ஈடான மாற்று வேண்டும் என்பதுதான். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தகவல் தொழில்நுட்பம் அனைவருக்கும் எட்டவேண்டும் என்கிறது. படித்துத் தேர்வெழுதிய நாங்களே கடைப்பிடிக்கவில்லை.

திருத்துவதற்கு ஒரு மாலைப்பொழுதே போதுமானதாயிருந்தது. படங்களை அகற்றவில்லை. ஒவ்வொன்றையும் முறையான இணைப்பாக்கி, கீழே "முகப்பு", "நூலகம்" என்று சொற்களைச் சேர்த்தோம். அழகு கெட்டுவிடவில்லை. ஆனால் நடந்து முடிந்த போட்டியைத் திருத்த முடியவில்லை. நண்பருக்கும் இதுவே இறுதியாண்டு.

தேர்தலிலிருந்து தொடங்கினேன், அங்கேயே முடிக்கிறேன். இன்றைய வாக்குப்பதிவு இயந்திரத்தில் சின்னம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பொத்தானருகே விரலால் தடவியறியப் பிரெயில் எண்ணும் இருக்கிறது. எழுத்தறியாதவருக்காகச் சின்னம் வந்தது; பார்வையற்றவருக்காகப் பிரெயில் வந்தது. ஒன்றுக்காக மற்றொன்று விலக்கப்படவில்லை. தோழர்களே, நாளை நீங்கள் அமைக்கப்போகும் பக்கங்களிலும் படம் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சொல்லும் இருக்கட்டும்!