ஒழுகும் பம்பும் ஓடும் வண்டியும்

காலையில் கடை திறக்க வருகிறோம். லோடு வண்டி நின்ற இடத்தில் தரை நனைந்திருக்கிறது. டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, "வாட்டர் பம்ப் ஒழுகுது அண்ணாச்சி" என்கிறார். அன்றைக்கு மண்டியில் சரக்கு எடுத்தாக வேண்டும். பட்டறைக்கு விட்டால் வண்டி எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. நாமே கழற்றி மாட்டிவிட்டால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வரும். சொந்த வண்டி வைத்திருக்கும் வணிகர் எவருக்கும் இது புதிதல்ல.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் நாமே கழற்றுவதும் இல்லை, பட்டறைக்கு விடுவதும் இல்லை. "ரெண்டு கேன் தண்ணியை எடுத்து வச்சுக்கிட்டு இன்னைக்கு ஓட்டு தம்பி" என்று அனுப்பி விடுகிறோம். நாங்களும் அதையேதான் செய்தோம்.

எங்களுக்கு வத்தலக்குண்டில் மொத்த மளிகை வியாபாரம். கொடைக்கானல் கடைகளுக்கு வாரம் இரண்டு லோடு போகும். 2019ஆம் ஆண்டு சித்திரை மாதம், மலையில் சீசன் சூடு பிடித்திருந்த நேரம். பம்ப் ஒழுகுகிறது என்று டிரைவர் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சீசன் முடியட்டும் என்று நாங்கள் தள்ளிப்போட்டோம். பருப்பும் சர்க்கரையும் எண்ணெய் டின்னுமாக முழு லோடு ஏற்றிப் போன வண்டி, டம்டம் பாறையைத் தாண்டிய ஏற்றத்தில் கொதித்து நின்றுவிட்டது. இன்ஜின் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்து விட்டது. பம்பை மாற்றியிருந்தால் ஒரு மூட்டை துவரம் பருப்பின் விலைகூட ஆகியிருக்காது. இன்ஜின் வேலைக்கு ஆன செலவில் அரை லோடு துவரம் பருப்பு எடுத்திருக்கலாம். இன்சூரன்ஸிலும் வழியில்லை. இயந்திரக் கோளாறும் தேய்மானமும் வழக்கமான வாகன பாலிசியில் சேராது என்பதை அன்றுதான் படித்துப் பார்த்தோம்.

பணம் போனதைவிட வேறொன்று இன்றும் உறுத்துகிறது. வாடிக்கையாளர் நான்கு பேர் நிற்கும்போது, "தண்ணி ஊத்திப் பார்க்கத் தெரியாதா?" என்று அந்த டிரைவரைத் திட்டினோம். பத்து நாளாகச் சொன்னவர் அவர். அன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த வாரக் கூலியை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டார். இப்போது எங்கள் தெருவிலேயே இன்னொரு கடைக்கு வண்டி ஓட்டுகிறார். எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். எங்களால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தண்ணீர் ஊற்றி ஓட்டுவது ஏன் கைகொடுக்காது? ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அன்று. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் இருக்கும் வரை தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. எங்காவது கசிந்தால் அழுத்தம் நிற்காது. மலையேற ஏறத் தண்ணீர் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். முழு பாரத்தோடு இரண்டாவது கியரில் ஏறும் வண்டிக்கு இது போதும். அத்துடன், வழியில் கிடைக்கும் உப்புப் போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற உள்ளே துருவும் உப்பும் படிந்து, பம்பின் சீல் மேலும் தேயும். ஒழுகலுக்கு ஊற்றும் தண்ணீரே ஒழுகலை வளர்க்கிறது. மஞ்சள் தூள் போட்டால் அடைபடும் என்பார்கள். நம் கடையில் மஞ்சள் தூளுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். ரேடியேட்டரில் விழுந்த சிறு பொத்தலை அது சிறிது நேரம் அடைக்கலாம். சுழலும் தண்டின் சீலை அடைக்காது. மிச்சம் போய் ரேடியேட்டர் குழாய்களில் உட்காரும்.

சரி, நாமே செய்யலாமா? முதலில் ஒழுகுவது பம்ப்தானா என்று பார்க்க வேண்டும். ஓஸ் கிளிப் தளர்ந்திருந்தாலும், ஓஸ் வெடித்திருந்தாலும், ரேடியேட்டரின் கீழ் திருகு கசிந்தாலும் தரை ஒரே மாதிரிதான் நனையும். கிளிப்பை இறுக்கும் வேலைக்குப் பட்டறை எதற்கு? பம்பின் அடியில், சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளை வழியே சொட்டினால் சீல் போய்விட்டது என்று பொருள். இன்ஜின் ஆறிய பிறகு பம்ப் புல்லியைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கும் போய்விட்டது. பேரிங் போன வண்டியைக் கடைத்தெரு முனை வரைகூட எடுக்கக் கூடாது. பேன் அதே தண்டில் இருக்கும் வண்டியானால், அது ரேடியேட்டரையே கிழித்துவிடும்.

அடுத்து, பம்ப் எங்கே இருக்கிறது என்பது. பழைய வண்டிகள் பலவற்றில் முன்பக்கம், பேன் பெல்ட்டில் ஓடும்படி வெளியே தெரியும். கைப்பழக்கம் உள்ள டிரைவர் இருந்தால், முழு பம்பாக வாங்கி, கடை விடுமுறை நாளில் புது கேஸ்கெட் போட்டு மாட்டிவிடலாம். எங்கள் பழைய வண்டிக்கு இப்போது அப்படித்தான் செய்கிறோம். சில வண்டிகளில் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடுகிறது. அதில் கை வைக்கவே வேண்டாம். பெல்ட் ஒரு பல் மாறி உட்கார்ந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். வாரண்டி உள்ள வண்டியையும் நாம் பிரிக்கக் கூடாது.

கிட் வாங்கிப் பழைய பம்பையே பிரித்துச் சீலும் பேரிங்கும் மாற்றலாம் என்று ஒரு யோசனை வரும். விலை குறைவுதான். ஆனால் அவற்றை பிரஸ்ஸில் வைத்து நேராக அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்கிய சீல் ஒரு வாரம் தாங்கினாலே அதிகம். அது லேத் பட்டறை வேலை.

நாம் கணக்கில் விட்டுவிடுவது துருப்பிடித்த போல்ட்டைத்தான். அரை நாள் வேலை என்று தொடங்குவோம். ஒரு போல்ட் இன்ஜின் பிளாக்குக்குள் முறிந்தால் துளை போட்டு எடுத்து மரை வெட்ட வேண்டும், இரண்டு நாள் போகும். ஆகவே மறுநாள் லோடு இருக்கும்போது இந்த வேலையைத் தொடவே கூடாது. கொதித்த வண்டியின் மூடியை உடனே திறப்பதும், சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. முன்னது கையையும் முகத்தையும் வேகவைக்கும், பின்னது ஹெட்டைப் பிளக்கும்.

மளிகைக்காரர்களுக்கென்று ஒன்று உண்டு. கூலன்ட் விஷம், ஆனால் இனிக்கும். அதை வடிக்கக் காலி எண்ணெய் டின்னைத்தான் எடுப்போம். அந்த டின் மறுபடி கடைக்குள் வரக் கூடாது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கூலன்ட் கேனை ஏற்றவும் கூடாது. வடித்ததைத் தெருவில் கொட்டினால் நாயும் மாடும் நக்கும்.

வழியில் நின்றுவிட்டால் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுவோம். அதற்கு இ-வே பில் இருந்தால், புதிய வண்டி எண்ணை அதன் பி பகுதியில் பதிந்த பிறகே நகர்த்த வேண்டும். 2021ஆம் ஆண்டு முதல் 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள்தான் கெடு. பட்டறை வாசலில் நிற்கும் நேரமும் அதில் ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒரு யோசனை. பட்டறைக்கு விட நாம் தயங்குவது செலவுக்காக மட்டும் அல்ல. அன்றைக்கு வேறு வண்டி இல்லை என்பதே பெரிய காரணம். நம் சங்க உறுப்பினர்களில் வண்டி வைத்திருப்போர் தங்கள் வண்டி சும்மா நிற்கும் நாட்களை எழுதிக் கொடுத்து, நியாயமான வாடகையையும் டிரைவர் பேட்டாவையும் சங்கமே நிர்ணயித்தால், ஒருவர் வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் இன்னொருவர் வண்டி அவருக்கு ஓடும். அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் வண்டிக்குச் செவ்வாய்க்கிழமைகளில் லோடு கிடையாது. முதல் பெயராக அதை எழுதிக்கொள்ளலாம்.